ஆடியில் நான் எடுக்காத கார்

எங்கள் வீட்டில் ஆடி மாதத்தில் ஒரு துடைப்பம்கூட வாங்கமாட்டார்கள். தேய்ந்து குச்சியாகிப் போனதை வைத்தே ஆவணி பிறக்கும்வரை பெருக்குவார்கள். நான் அப்படிப்பட்ட வீட்டில் வளர்ந்தவன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் மாத்தளைக்குப் பக்கத்தில், அலுவிகாரையில் சொந்தமாக ஃபோட்டோ கொப்பிக் கடை வைத்திருக்கிறவன், ஊராருக்கெல்லாம் கம்ப்யூட்டரில் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்கிறவன், ஐம்பத்திரண்டு வயதில் செய்த காரியத்தை வளர்ப்பின் தலையில் கட்டுவது அழகில்லை. நான்தான் செய்தேன். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் செய்தேன்.

அவள் ஆசிரியை. லக்கலப் பக்கம், பல்லேகமவையும் தாண்டி, ஒரு சிங்களப் பாடசாலையில் பிள்ளைகளுக்கு இரண்டாம் மொழியாகத் தமிழ் படிப்பிக்கிறாள். திங்கட்கிழமை போனால் வெள்ளிக்கிழமைதான் வருவாள். நடுவில் பாடசாலைக் குவார்ட்டர்ஸில் இன்னொரு மிஸ்ஸுடன் தங்கல். மகளைக் கட்டிக் கொடுத்த பிறகு வீட்டில் நாங்கள் இருவர்தான். அதிலும் கிழமையில் பாதிக்கு மேல் நான் ஒருவன்தான்.

பழைய கார் இருந்த காலத்தில் திங்கள் விடியற்காலையில் நானே அவளை ஏற்றிக்கொண்டு ரத்தோட்டை வழியாக மலையேறி, அந்தப் பக்கம் இறங்கி, பாடசாலை கேட்டில் விட்டுவிட்டுத் திரும்பி வந்து கடை திறப்பேன். வெள்ளி மதியம் மறுபடி போய் அழைத்து வருவேன். முன் ஆசனத்தில் உட்கார்ந்து அவள் கச்சான் கடலை உடைத்து, தோலை ஊதிவிட்டு, ஒவ்வொன்றாக என் வாயில் போடுவாள். அதிபரைத் திட்டுவாள், பிள்ளைகள் 'ழ'வோடு படும் பாட்டைச் சொல்லிச் சிரிப்பாள். யோசித்துப் பார்த்தால் நாங்கள் புருஷன் பெண்சாதியாக ஆற அமரப் பேசிக்கொண்டது அந்த இரண்டு பயணத்திலும்தான்.

வருஷக்கணக்காகத் தடுத்து வைத்திருந்த புது வண்டிகளை வெளிநாட்டிலிருந்து மறுபடி இறக்க விடப்போகிறார்கள் என்ற செய்தி வந்ததும் ஊரே ஒரு ஆட்டம் ஆடியது. பழைய வண்டியை இப்போதே தள்ளிவிடு, பிறகு ஒருவனும் திரும்பிப் பார்க்கமாட்டான் என்று கடைக்கு வந்தவனெல்லாம் சொன்னான். என் கார் மலையில் மூச்சு வாங்க ஆரம்பித்திருந்தது உண்மை. பங்குனியில் விற்றேன். சித்திரை வருஷப் பிறப்பு முடிந்த கையோடு கண்டிக்குப் போய் ஒரு மின்சாரக் காருக்கு அட்வான்ஸ் கட்டினேன். மூன்று மாதத்தில் கையில் தருவோம் என்றார்கள்.

"மூணு மாசந்தானே, நான் பஸ்ல போயிக்கிறேன்," என்றாள் அவள். "அதுக்கு மேல முடியாதுங்க. காய்ஞ்ச காலத்துல அந்த ரோட்டுல என்னால நடக்க ஏலாது."

அந்த ரோட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். மாத்தளையிலிருந்து முதல் பஸ் அவளைச் சந்தியில் இறக்கிவிடும். அங்கிருந்து பாடசாலைக்கு ஒரு மைலுக்கு மேல் மண் பாதை. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் காடு வெட்டிப் பயிர் செய்கிற சேனை. மழைக் காலத்தில் சேறு மட்டும்தான் தொந்தரவு. வெயில் ஏறி மேலே தண்ணீர் வற்றினால் யானை இறங்கிவிடும். ஊரில் உள்ளவர்கள் அந்த நேரத்தில் சைக்கிளில்கூடத் தனியாகப் போகமாட்டார்கள். அவள் காலை ஏழு மணிக்குக் குடையும் புத்தகப் பையுமாகத் தனியாக நடந்தாக வேண்டும். மூன்று மாதம் என்று அவள் போட்ட கெடு விளையாட்டுக்குப் போட்ட கெடு அல்ல.

ஓர்டர் கொடுக்கப் போனபோது நான் மட்டும் போகவில்லை. எங்கள் ஒழுங்கையில் இரண்டு வீடு தள்ளி ஒரு முஸ்லிம் அண்ணன் இருக்கிறார், எல்லோருக்கும் நானா. ஹார்ட்வெயார் கடைக்காரர். தொழுகைக்கும் சாப்பாட்டுக்கும் தவிர கல்லாவை விட்டு எழும்பாத மனிதர். அவருக்கும் அதே காரில்தான் கண். இரண்டு பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டோம். என் பெயர் முதலில், அவர் பெயர் அடுத்தது. நிறத்தை என் மனைவி ஏற்கெனவே சொல்லி அனுப்பியிருந்தாள். மேகம் மூடின நேரத்து மலை மாதிரி ஒரு நீலம். நானா வெள்ளை எழுதினார்.

கார் வருவதற்கு முன்னாலேயே சார்ஜர் வந்துவிட்டது. முன் வாசல் சுவரில் ஒரு பெட்டியைப் பூட்டி, தனி வயர் இழுத்து, மின்சார வேலைக்காரர் போய்விட்டார். பெட்டியில் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. தொட்டிலைக் கட்டிவிட்டுப் பிள்ளைக்குக் காத்திருக்கிற வீடு போல இருந்தோம். மனைவி வெள்ளிக்கிழமை வந்ததும் குடையை அந்த வயர்க் கொக்கியில் மாட்டுவாள். "இதுக்காச்சும் ஒதவுதே," என்பாள்.

ஆடி பிறந்து நாலாம் நாள், கடையில் ஒரு பிள்ளையின் அடையாள அட்டைக்குக் கொப்பி எடுத்துக்கொண்டிருந்தபோது ஷோரூமிலிருந்து ஒரு பெண் பேசினாள்.

"சேர், ஒங்க வண்டி ரெடி. நீலம். இந்த வெள்ளிக்கிழம வந்து எடுக்கலாம்."

எனக்குச் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிஷமே சுவரில் தொங்கிய கலண்டர் கண்ணில் பட்டது. ஆடி. எனக்கு வந்தது பக்தியல்ல, பயம். சும்மா ஊருக்குள் ஓடப்போகிற வண்டியாக இருந்தால் நான் யோசித்திருக்க மாட்டேன். கிழமைக்கு இரண்டு தடவை அவளை ஏற்றிக்கொண்டு அந்த மலையைத் தாண்டப்போகிற வண்டி. வளைவுகளில் மூடுபனி இறங்கினால் பொனட்டுகூடத் தெரியாது. அதில் ஒரு குறையோடு ஏன் தொடங்க வேண்டும்? இத்தனை நாள் பொறுத்தாயிற்று, இன்னும் ஒரு மாதம்தானே?

"ஆவணி ஒண்ணாந்தேதி எடுத்துக்கலாமா மிஸ்?" என்று கேட்டேன்.

"அதுவரைக்கும் வச்சிருக்க முடியாது சேர். இத அடுத்தவருக்குக் குடுத்துட்டு ஒங்கள அடுத்த கப்பல்ல போடுறேன். ஆவணிக்குள்ள வந்துரும்."

"சரி," என்றேன். அவ்வளவுதான். ஒரு கொப்பி எடுக்கும் நேரம்கூட ஆகவில்லை. அவளிடம் கேட்டிருக்கலாம் என்றால், குவார்ட்டர்ஸில் சிக்னல் இல்லை, பின்னால் உள்ள பாறையில் ஏறினால்தான் கிடைக்கும். அன்றைக்கு அதுவே எனக்கு வசதியாகப் போய்விட்டது. அவளுக்கு நாள் நட்சத்திரத்தில் நம்பிக்கை கிடையாது. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கவில்லை.

அடுத்தவர் என்றால் நானாதான். மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். கல்லாவை விட்டு எழும்பி வந்திருக்கிறார் என்றால் எவ்வளவு பெரிய விஷயம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

"தம்பி, ஒங்கட வண்டிய எனக்குத் தாறாங்களாம். ஆடி மாசம்னு நீங்க விட்டுட்டீங்களாம். ஒங்களுக்கு மனசு நோவாட்டித்தான் நான் எடுப்பேன்."

"எடுங்க நானா. எனக்கு அடுத்தது வருது."

"டீச்சருக்குக் கவல இல்லயா?"

"இல்ல," என்று நான் சொன்னது முதல் பொய்.

நீலக் கார் எங்கள் ஒழுங்கைக்கு வந்தது. நானாவின் வீட்டுச் சார்ஜர் இன்னும் வந்திருக்கவில்லை. அதனால் இரண்டு கிழமை அந்தக் காரை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டு, எங்கள் பெட்டியில்தான் சார்ஜ் போட்டார். நானே வயரைக் குத்திக் கொடுத்தேன். என் கண்ணுக்கு முன்னால், என் வீட்டு மின்சாரத்தைக் குடித்துக்கொண்டு, எனக்கென்று வந்த வண்டி இன்னொருவருடையதாக நின்றது. கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்கள். எனக்கு வாய் வரைக்கும் வந்ததை நானே துப்பினேன்.

கார் வந்த வெள்ளிக்கிழமை மனைவி பஸ்ஸில் வந்து இறங்கி, வாசலில் காரைப் பார்த்துப் பையைக் கீழே போட்டுவிட்டாள்.

"வந்துருச்சா?"

"நானாவோடது."

அவள் முகம் எப்படி மாறியது என்று எழுத எனக்குப் பிடிக்கவில்லை. கொஞ்ச நேரம் காரைச் சுற்றி நடந்தாள். "நம்ம நீலந்தானே இது? அவரு வெள்ளையில்ல கேட்டாரு?"

"மாத்திக்கிட்டாரு போல."

நானா வந்து, "ஏறிப் பாருங்க டீச்சர்," என்று முன் கதவைத் திறந்து பிடித்தார். அவள் சிரித்துக்கொண்டே தலையாட்டி மறுத்தாள். "இல்ல நானா. எங்களது வரட்டும். அதுலதான் மொதல்ல முன் சீட்டுல ஒக்காருவேன்."

அதன் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் ஒரே கேள்வி. "எப்ப வருதாம்?" நான் கப்பல் என்பேன், பத்திரம் என்பேன். ஆடியில் அது பொய். ஆவணி பிறந்த பிறகு அதுவே உண்மையாகிவிட்டது. அடுத்த கப்பல் வந்தது, வண்டிகள் இறங்கின, ஆனால் ஏதோ பத்திரம் சரிவரவில்லை என்று துறைமுகத்திலேயே நின்றன. ஷோரூம் பெண்ணுக்கு நான் தினம் பேசினேன். அவளும் தினம் "அடுத்த கெழம சேர்" என்றாள். மனைவி அந்தப் பெண்ணைத் திட்டினாள். "ஒரு வாக்குச் சுத்தம் வேணாமா? மூணு மாசம்னு சொன்னாங்களே!" நான் அதற்குத் தலையாட்டினேன். தப்பே செய்யாத ஒரு பிள்ளை எங்கள் வீட்டில் வாராவாரம் திட்டு வாங்கியது.

திங்கட்கிழமைகளில் நான் அவளுக்கு முன்னால் எழும்பி டீ ஊற்றிக் கொடுத்தேன். பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் போனேன். இவ்வளவு கவனிப்பு பழைய கார்க் காலத்தில் இருந்ததில்லை. அவள் அதைப் பாசம் என்று நினைத்தாள். சந்தியிலிருந்து நடக்கத் தொடங்கும்போதும் பாடசாலை கேட்டைத் தொட்டதும் ஒரு மிஸ்ட் கோல் கொடுக்க வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. சந்தியில் சிக்னல் இருக்கும், பாடசாலையில் கேட்டடியில் மட்டும் கொஞ்சம் உண்டு. அந்த இரண்டு கோல்களுக்கும் நடுவில் உள்ள அரை மணி நேரத்தில் நான் ஒரு வேலையும் செய்ததில்லை.

ஆவணி முடியும் தறுவாயில் ஒரு திங்கட்கிழமை. முதல் கோல் வந்தது. இரண்டாவது வரவில்லை. நாற்பது நிமிஷம், ஐம்பது நிமிஷம். நான் எடுத்தால் மணியே போகவில்லை. எட்டரைக்கு அதிபர் பேசினார், சிங்களத்தில். யானை குறுக்கே வந்துவிட்டது, மிஸ் ஓடி வாய்க்காலில் விழுந்துவிட்டா, உயிருக்கு ஒன்றுமில்லை, கால்தான், லேண்ட் மாஸ்டர் ட்ராக்டரில் ஏற்றிப் பல்லேகம ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறோம் என்றார்.

கடையை இழுத்துச் சாத்தினேனா என்றுகூட ஞாபகமில்லை. த்ரீவீலில் அந்த மலையைத் தாண்ட மதியமாகிவிடும். நான் நேராக நானாவின் கடைக்குத்தான் ஓடினேன். விஷயத்தைச் சொல்லி முடிக்கவில்லை, அவர் கல்லாவைப் பூட்டிச் சாவியை எடுத்துவிட்டார்.

அந்தக் காரில் நான் ஏறியது அன்றுதான் முதல் தடவை. முன் ஆசனத்தில் உட்கார்ந்தேன். என்ஜின் சத்தம் கிடையாது. ஏற்றத்தில் பெற்றரியின் சார்ஜ் சதவீதம் மளமளவென்று இறங்குவதைப் பார்த்து நானா வாய்க்குள் ஓதிக்கொண்டே ஓட்டினார். மலை உச்சியில் மூடுபனி. இறக்கத்தில் பெற்றரி தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. வேறு ஒரு நாளாக இருந்தால் நான் அதை வியந்து பேசியிருப்பேன். இந்த வண்டியில் இன்றைக்கு விடியற்காலையில் அவளை நான் கேட்டில் இறக்கிவிட்டிருக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் தலைக்குள் ஓடியது. இறக்கிவிட்டுத் திரும்பி வந்து இந்நேரம் கடையில் கொப்பி எடுத்துக்கொண்டிருப்பேன்.

ஆஸ்பத்திரியில் அவள் ஒரு நீள மர வாங்கில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கணுக்காலுக்கு மேல் துணி சுற்றிப் பலகை வைத்துக் கட்டியிருந்தார்கள். முழங்கையெல்லாம் சிராய்ப்பு. என்னைப் பார்த்ததும், "ஒரு செருப்பு போயிருச்சுங்க," என்றாள். பிறகுதான் அழுதாள்.

மதகுக்குப் பக்கத்தில் நின்றதை மரத்து நிழல் என்று நினைத்தாளாம். காது அசைந்த பிறகுதான் தெரிந்ததாம். சேனைக் காவல் குடிசையிலிருந்து ஒரு மனிதர் கூச்சல் போட்டு யானை வெடி கொளுத்தியிருக்காவிட்டால் என்று அவள் அத்தோடு நிறுத்திக்கொண்டாள்.

எக்ஸ்ரே எடுக்க மாத்தளைக்குத்தான் கொண்டுபோக வேண்டும் என்றார்கள். அவளைத் தூக்கி நீலக் காரின் பின் ஆசனத்தில் காலை நீட்டிப் படுக்கிற மாதிரி உட்காரவைத்தோம். நான் முன்னால். ஏற்றம் தொடங்கியபோது, அவளுக்குப் பேச்சுக் கொடுக்கலாம் என்று நல்ல மனதோடு நானா சொன்னார்:

"நீங்க ஆடி மாசம்னு விட்டுக் குடுத்தபடியாத்தான் டீச்சர் எனக்கு இந்த வண்டி கெடச்சது. இண்டைக்கு அது ஒங்களுக்கே ஒதவுது பாருங்க. அல்லாஹ்வுட ஏற்பாடு."

பழைய காராக இருந்தால் ஏற்றத்தில் அது போடும் இரைச்சலில் இந்தப் பேச்சே பின்னால் கேட்டிருக்காது. இந்தக் காரில் மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஒரு வளைவு, இரண்டு வளைவு, மூன்று வளைவு போயிற்று.

"ஆமா நானா," என்றாள். "ஆடியில நாங்க ஒண்ணும் வாங்க மாட்டோம்."

பிறத்தியார் முன்னால் அவள் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. திட்டியிருக்கலாம். கதவைத் திற, இறங்கிக்கொள்கிறேன் என்றிருக்கலாம்.

எலும்பு வெடித்திருந்தது. மாவுக்கட்டுப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து, கட்டிலில் படுக்கவைத்து, நான் தலையணையைக் காலுக்குக் கீழே வைத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள்.

"எப்ப போன் பண்ணுனாங்க?"

"ஆடி நாலு."

விரல் விட்டு எண்ணினாள். நடுவில் லீவு வந்த கிழமைகளைக் கழித்தாள். "ஆறு திங்கக்கெழம," என்றாள். "ஆறு திங்கக்கெழம நான் அந்த ரோட்டுல நடந்துருக்கேன். ஒவ்வொரு நாளும் நீங்க எழும்பி டீ ஊத்தித் தந்தீங்க. டீயக் குடுக்குற நேரத்துலயாச்சும் சொல்லத் தோணலயா ஒங்களுக்கு?"

"ஒனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்..."

"தெரியும்," என்றாள். "அது எனக்குத் தெரியும். என்கிட்ட ஒரு வார்த்த கேட்டீங்களா? நடக்குறது நான்தானே?"

சமையலறைக்குப் போய் அவளுக்கு டீ ஊற்றத் தண்ணீரைக் கொதிக்கவைத்தேன். கொதித்த பிறகுதான் என்ன செய்கிறேன் என்று உறைத்து, அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

ஐப்பசியில் ஷோரூம் பெண் மறுபடி பேசினாள். "சேர், வண்டி வந்துருச்சு. செவ்வாய்க்கிழம பின்னேரம் மூணு மணிக்கு வாங்க."

செவ்வாய் மூன்று மணி என்றால் ராகு காலம் தொடங்குகிற நேரம். கலண்டரைப் பார்க்கவே தேவையில்லை. அன்று மனைவி வீட்டில் இருந்தாள். ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு அவளிடம் போனேன். "செவ்வாய் மூணு மணியாம். எடுக்கவா?"

"ஒங்க இஷ்டம்," என்றாள், படித்துக்கொண்டிருந்த பேப்பரிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"வர்றோம் மிஸ்," என்று ஃபோனில் சொன்னேன்.

நீலம் கிடைக்கவில்லை. சாம்பல் நிறம்தான் வந்திருந்தது. ஷோரூமில் அட்டையில் செய்த பெரிய சாவி ஒன்றைக் கொடுத்துப் படம் பிடித்தார்கள். அவள் படத்துக்கு நின்றாள், சிரிக்கவும் செய்தாள். என் சட்டைப் பையில் நாலு எலுமிச்சம்பழம் இருந்தது. அதை வெளியே எடுக்க வெட்கமாக இருந்தது. அவள் பையைப் பார்த்தாள்.

"கொண்டு வந்தீங்கதானே? வைங்க."

நாலு சக்கரத்துக்கும் கீழே வைத்தேன். ஓட்டுநர் ஆசனத்தில் ஏறி முன் கதவை உள்ளிருந்து திறந்துவிட்டேன். அவள் அதை மெதுவாகச் சாத்திவிட்டுப் பின் கதவைத் திறந்து ஏறினாள்.

"கால நீட்டணும்," என்றாள். மாவுக்கட்டு வெட்டி அப்போது ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது.

எலுமிச்சம்பழம் நசுங்கும் சத்தம் நாலு தடவையும் தனித்தனியாகக் கேட்டது.

இப்போது திங்களும் வெள்ளியும் பழையபடி நான்தான் கொண்டுபோய் விட்டு அழைத்து வருகிறேன். கேட்டிலேயே இறக்கிவிடுகிறேன். அவள் என்னோடு பேசாமல் இல்லை. கறிக்கு என்ன, மகள் எப்போது வருகிறாள், தண்ணீர் பில் எல்லாம் பேசுகிறாள். பின் ஆசனத்திலிருந்து பேசுகிறாள். "என்ன தம்பி, டீச்சருக்கு டிரைவராப் போறீங்களா?" என்று நானா கிண்டல் பண்ணுகிறார். அவருக்கு ஒன்றும் தெரியாது. முன் ஆசனத்துப் பொலித்தீன் உறையை ஏன் இன்னும் கழற்றவில்லை, வேர்க்குமே என்றும் கேட்டார். மற்ற உறைகளையெல்லாம் முதல் நாளே கழற்றிவிட்டேன். அதை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அதைக் கழற்ற வேண்டியவள் அவள்.

போன திங்கட்கிழமை முன் கதவு திறந்தது. பொலித்தீன் சரசரத்தது. திரும்பிப் பார்த்தால், அவளுடைய கைப்பை. பையை வைத்துக் கதவைச் சாத்திவிட்டுப் பின்னால் ஏறிக்கொண்டாள்.

ரத்தோட்டை தாண்டி ஏற்றம் தொடங்கியதும், "பையில கச்சான் இருக்கு," என்றாள். "எடுத்துச் சாப்பிடுங்க."

சரி என்றேன். வண்டி ஓட்டிக்கொண்டே கச்சான் உடைக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும்.